ஓம் அப்படியே இருக்கட்டும்

ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவனை எங்கள் பக்கத்தில் 'ஸ்பீக்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கொழும்பில் பாராளுமன்றத்திலும் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறார் என்று பத்திரிகையில் படித்த ஒருவர், "அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசமெண்டால், நீ கத்தினால் சனத்துக்குக் கேக்கும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கம் தந்தார். நான் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

கிளிநொச்சிச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை. இரண்டு குழாய், ஒரு அம்பிளிபயர், ஒரு மைக், கரண்டு தருவதற்கு ஒரு லைட் எஞ்சின், இவற்றை ஏற்றி இறக்க ஒரு பழைய வான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தை ஒரு ரேடியோவைக் கழற்றிப் படித்தேன். கழற்ற ஒரு நாள், திரும்பப் பூட்ட ஆறு மாதம். பூட்டி முடிந்தபோது மூன்று ஆணி மிச்சம் இருந்தது. ரேடியோ முன்பைவிட நன்றாகப் பாடியது. அன்றிலிருந்து படித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, பயம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். காலை பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுத்தச் சப்பாத்து. ஒரு கையில் மரப்பெட்டி, மறு கையில் அதைவிடப் பாரமான இரும்புப் பெட்டி. பிஸ்கற் கொம்பனி ஆளாக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணை, நான் படம் எடுத்திருக்கிறன்" என்றார்.

"ஆரை?" என்று கேட்டேன். அந்த நாளில் எங்களுக்குப் படம் எடுப்பதென்றால் கல்யாணவீட்டிலும் செத்தவீட்டிலும்தான். அதை விட்டால் பாம்பு எடுக்கும்.

அவர் பெட்டியைத் திறந்து வட்டத் தகரங்களைக் காட்டினார். சினிமாப் படம். கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளறிக்கல் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும், சிநேகிதர் நாலு பேரைச் சேர்த்து, மூன்று வருடமாக எடுத்த படம். கதாநாயகி ஒரு சிநேகிதருடைய தங்கை, தட்டெழுத்துப் பிள்ளை. கதாநாயகன் கிடையாது. பாட்டும் கிடையாது. "சண்டையாவது கிடக்கோ?" என்று கேட்டேன். "எடுக்கேக்கை கிடந்தது, எங்களுக்குள்ளை" என்றார். மனிதர் எனக்குப் பிடித்துப்போனார்.

கஷ்டம் என்னவென்றால், அவருடைய பிலிம் பதினாறு மில்லிமீற்றர், பெண்பிள்ளைகள் தலையில் கட்டும் றிபன் அளவு. தியேட்டர்களில் ஓடுவது அதைவிட இரண்டு மடங்கு அகலம். தியேட்டர் மெசினில் இதை ஓட்டவே முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒரேயொரு தியேட்டர் முதலாளி மட்டும் கதவைத் திறந்திருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்:

"படம் நல்லாய்த்தான் கிடக்கு தம்பி. சின்ன மெசின் ஒண்டு நான் எடுத்துப் போடுறன், ஒரு கிழமை, ஏழு நாளும் ஓட்டிப் பாப்பம். ஆனால் கதையை மாத்தோணும்."

இவருக்கு வந்த சந்தோசத்தில், "முடிவை மாத்துறன் முதலாளி. பிள்ளை கடைசியிலை அந்தக் கலியாணத்தை வேண்டாமெண்டு சொல்லட்டும்" என்றிருக்கிறார்.

"முடிவு கிடக்கட்டும். நான் சொன்னது கதையை. உவை கதைக்கிற கதையை. அந்தப் பெட்டை 'ஓம்' எண்டு சொல்லுது. படத்திலை ஆரப்பா ஓம் எண்டு சொல்லுறது? 'ஆமாம்' எண்டு சொல்ல வையும். எல்லாரையும் படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்க வையும்."

கதைக்கு இரண்டு கருத்து இருக்கிற ஊரில் கதை எழுதப் புறப்பட்டவர் கவனமாய் இருந்திருக்க வேண்டும்.

அந்த 'ஓம்'தான் படத்தின் உயிர் என்றார் அவர். ஒரு தகப்பன், தான் வாக்குக் கொடுத்துவிட்ட ஒரு தாரமிழந்தவனுக்கு மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறான். மகள் முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். "போறியோ பிள்ளை?" என்று தகப்பன் கேட்கிறான். சுளகு நிற்கிறது. அவள் நிமிராமல் "ஓம்" என்கிறாள். சுளகு திரும்ப ஆடுகிறது. இந்த ஒரு இடத்துக்காகத்தான் மூன்று வருடமும்.

"பதினாலு நாள் லீவு எடுத்திருக்கிறன். எங்கட சனத்துக்கு நேரை கொண்டுபோய்க் காட்டப் போறன். ஒரு ஊரிலையாவது அந்த ஓமைச் சிரிக்காமல் கேட்டினமெண்டால் நான் ஒரு எழுத்தும் மாத்தன். இல்லாட்டி முதலாளி சொன்னபடி ஆமாம்" என்றார்.

"சிரிக்கிறதுக்கு அதிலை என்ன கிடக்கு?" என்று கேட்டேன். நான் அப்போது படத்தைப் பார்த்திருக்கவில்லை.

அவருக்கு என் எஞ்சினும் வானும் வேண்டும், ஊர்களைத் தெரிந்த ஒரு வாயும் வேண்டும். வாய் என்னிடம் தாராளமாய் இருந்தது. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன்: அது திருவிழாக் காலம், இரவுகள் சாமிக்குக் கொடுத்தாயிற்று. பகலில் என்றால் வருகிறேன். பகலில் படம் காட்ட இருட்டு வேண்டுமே என்றார் அவர். கரண்டு இல்லாத வன்னியில் இருட்டுக்கும் அலைய வேண்டிவரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கடைசியில் வழி கிடைத்தது. கூட்டுறவுச் சங்கத்தின் நெல்லுக் களஞ்சியம். அந்த மாதம் வெறுமையாய்க் கிடக்கும், யன்னல் கிடையாது, மேலே இருக்கிற காற்றுத் துவாரங்களைச் சாக்கால் அடைத்துவிட்டால் உள்ளே கை தெரியாது.

முதல் காட்சி முரசுமோட்டை. காலையில் வானில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். "இன்று பிற்பகல் சங்கக் களஞ்சியத்தில் படம்! அனைவரும் வருக!" களஞ்சியம் நிறைந்தது. நான் என் குரலை மெச்சிக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், முன்னுக்கிருந்த ஒருவருடைய கையில் ஒரு பிடி நெற்பயிர், வேரோடு.

"இதென்ன?" என்றேன்.

"மஞ்சள் அடிக்குது. ஐயாவிட்டைக் காட்டி மருந்து கேக்கத்தான் கொண்டந்தனான்."

எந்த ஐயா? படத்தோடு வந்த ஐயாதான். எங்கள் பக்கத்துக்கு அதுவரை படம் கொண்டுவந்தது அரசாங்க வான் மட்டும். மலேரியா நுளம்புப் படம், பசளைப் படம். படம் என்றால் அரசாங்கம், அரசாங்கம் என்றால் மனு. பின்வரிசையில் ஒருவர் வாய்க்கால் மதகு உடைந்த கதையை நாலு பக்கத்தில் எழுதி மடித்து மடியில் வைத்திருந்தார்.

என் வேட்டியைத் திரையாகக் கட்டினோம். படம் ஓடத் தொடங்கியது. சனம் நுளம்பு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. தகப்பன் வந்து முற்றத்தில் நின்று, "பிள்ளை, மாட்டுக்குத் தண்ணி வைச்சனியோ?" என்று கேட்டதும் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். மற்றவர்கள் அடக்கிக்கொண்டார்கள். அந்த இடம் வந்தது. சுளகு நின்றது. "ஓம்" என்றாள்.

கூரைத் தகரம் அதிர்ந்தது என்றால் பொய்யில்லை. பயிரோடு வந்தவர் பயிராலேயே கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்துவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தொடை தட்டிச் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தேன். திரையில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்குள் கதைப்பது மாதிரிக் கதைத்தால், உடுப்பு மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். கூச்சத்துக்கு எங்களிடம் ஒரே மருந்து சிரிப்புத்தான்.

வெளியே வந்த ஒரு அம்மா அவரிடம் நேராகவே கேட்டார்: "தம்பி, குற்றம் நினையாதை. உது எங்கட குசினிக்குள்ளை கதைக்கிற கதை. உதைக் கேக்கிறதுக்கு நான் ஏன் நெல்லுக் களஞ்சியத்துக்கு வரோணும்?"

"முற்றத்து மல்லிகை மணக்காது எண்டு சும்மாவே சொன்னவை" என்றார் இவர், முகம் செத்துப்போய்.

"மல்லிகை எண்டால் மணந்திருக்கும்" என்றார் மனுக்காரர். "அது கிடக்கட்டும். இதை ஒருக்காப் பாருங்கோ ஐயா."

தான் அரசாங்கம் இல்லை என்று இவர் சொல்லிப் பார்த்தார். அரசாங்கம் எப்போதும் அப்படித்தான் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் மனுவை வாங்கி, கிளறிக்கல் கையால் அழகான இங்கிலீசில் ஒரே பக்கமாகத் திருப்பி எழுதிக் கொடுத்தார். சில மாதத்தில் அந்த வாய்க்காலுக்கு மதகு வந்தது. அவருடைய படத்தைப் பற்றி முரசுமோட்டையில் இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம்.

அடுத்தது புளியங்குளம், சந்திக்குப் பின்னால் இருந்த ஒரு மரக்காலை, பலகை அடுக்கிவைக்கிற பெரிய கொட்டில். இந்தமுறை சனத்தை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். படம் தொடங்க முன் மைக்கைப் பிடித்து, "அன்பர்களே, இது சிரிப்புப் படம் அல்ல. சோகப் படம். நடுவில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் தயவுசெய்து எவரும் சிரிக்க வேண்டாம்" என்று அறிவித்தேன்.

அதைப்போல ஒரு முட்டாள்தனம் நான் அதற்கு முன் செய்ததில்லை. எந்த இடம் எந்த இடம் என்று சனம் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அதோடு முரசுமோட்டைச் சங்கதி பஸ் கொண்டக்டர்மார் வாயால் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. தகப்பன் "போறியோ பிள்ளை?" என்று கேட்டதுதான் தாமதம், அந்தப் பெட்டை வாய் திறக்க முன்னமே மரக்காலை முழுவதும் ஒரே குரலில், "ஓம்!"

இரண்டாம் தரம் போடச் சொல்லிக் கேட்டார்கள். அந்த ஒரு துண்டை மட்டும்.

"சனம் கூடுது அண்ணை, படம் குறையுது" என்றார் இவர். ஊரெல்லாம் இப்போது அவரை 'ஓம் மாஸ்ரர்' என்றார்கள்.

பிறகு துணுக்காய்க்குப் போனோம். அங்கேயும் ஒரு களஞ்சியம். படம் பாதிக்கு வர, மெசினுக்குள் ஒலி எடுக்கிற சின்ன பல்ப் எரிந்துபோனது. மாற்றுப் பல்ப் பெட்டியோடு புளியங்குளத்தில் தங்கின வீட்டில். திரையில் வாய்கள் அசைகின்றன, சத்தம் இல்லை. சனம் புறுபுறுக்கத் தொடங்கியது.

இருபது வருடமாகக் கோயில் வீதியில் நாடகம், கூத்து, சினிமாப் பாட்டு என்று கேட்டுக் கேட்டு ஊறின காது என்னுடையது. மைக் கையில் இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. நான் தொடங்கிவிட்டேன்.

"மகளே! உன் தந்தை வாக்களித்துவிட்டேன். என் மானம் இனி உன் கையில்!" என்றேன் தகப்பன் குரலில். சுளகு நின்றது. குரலை மெல்லிதாக்கிக்கொண்டு, "ஆமாம் தந்தையே! தங்கள் சொல்லே எனக்கு வேதம்!" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அன்று தடிமன். தொண்டை கட்டியிருந்ததை அவர்கள் அழுகை என்று எடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் வந்து, படத்தில் இல்லாத ஒரு செத்துப்போன தாயையும் கொண்டுவந்து நாலு வரி அழவைத்தேன்.

முடிந்து வெளியே வந்தால், அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் குந்தியிருக்கிறார். ஒரு அம்மா போகிற போக்கில், "அருமையான படம் தம்பி. என்ன தமிழ்" என்று அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்ரை படத்தை நீங்கள் ஓட வைச்சிட்டியள், அண்ணை" என்றார் அவர்.

நான் அதையும் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அவர் ஒரு கடிதம் எழுதி ஒட்டி என்னிடம் தந்தார். யாழ்ப்பாணத்து முதலாளிக்கு. கதையை அவர் சொன்னபடியே மாற்றித் தருகிறேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். "நாளைக்கு முல்லைத்தீவிலை போடுங்கோ." அங்கே ஒரு கடைசிக் காட்சி ஒத்துக்கொண்டிருந்தோம், லீவும் முடியப் போகிறது. அவர் நினைத்தது காட்சி முடிந்த பிறகு போடச் சொல்லி. அதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்னமே செய்து முடிப்பது என் வாழ்க்கையில் மிக அபூர்வம். அடுத்த நாள் அதைச் செய்தேன். முல்லைத்தீவில் வான் நின்றதும் முதல் வேலையாகக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

காட்சி, பக்கத்திலிருந்த ஒரு முஸ்லிம் ஊரில். புடைவையும் நெல்லும் வியாபாரம் செய்கிற ஒரு நானா சரக்கு வைக்கிற தன் கிட்டங்கியைத் தந்திருந்தார். எனக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய மகளின் கல்யாணத்தில் பாதியில் நின்றுபோனது என் லைட் எஞ்சின்தான். அதை அவரும் மறக்கவில்லை, மறந்தாலும் மற்றவர்கள் விடவில்லை.

"ஸ்பீக்கர், ஒரு சிக்கல்" என்றார் நானா. "எங்கட பெண்டுகளும் பாக்கோணும் எண்டு நிக்கிறாளுகள். ஆம்பிளையளோடை ஒண்டாய் இருக்கிறது சரிவராது. ரெண்டுதரம் காட்ட ஏலுமோ?"

அதற்கு எஞ்சினில் எண்ணெய் போதாது. நாங்கள் மூன்று பேரும் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது உள்ளே இருந்து நானாவின் மனைவியின் குரல் மட்டும் வந்தது:

"சீலையைச் சுவரோடை கட்டுறதேன்? நடுவிலை கட்டுங்கோ. நாங்கள் அங்கால இருக்கிறம்."

"அங்கால தெரியாது, பிள்ளை" என்றேன்.

"நனைச்சுக் கட்டுங்கோ. நனைஞ்ச வெள்ளைச் சீலையிலை என்ன தெரியாது எண்டு தோய்க்கிற எங்களிட்டைக் கேளுங்கோ."

நானா தன் கடையிலிருந்து புதுத் துணி ஒன்று தந்தார். நனைத்துக் கிட்டங்கியின் நடுவில் கட்டினோம். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். திரைக்குத் திரையும் ஆச்சு, மறைப்புக்கு மறைப்பும் ஆச்சு. படம் ஓடத் தொடங்க, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிசுகிசு. அவர்களுக்கு எல்லாம் இடம் வலம் மாறித் தெரிகிறது. படத்தின் எழுத்துகள் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் போகின்றன.

"பாரடி, எங்களுக்கெண்டு அறபுப் பக்கமாய் எழுதியிருக்கினம்" என்று ஒரு பெண் சொல்வது கேட்டது.

"அந்தப் பிள்ளை இடக்கைக்காரி போலை" என்றாள் இன்னொருத்தி, சுளகைப் பிடித்த விதத்தைப் பார்த்து.

ஆண்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பஸ் கொண்டக்டர் இருந்தார். அவரைக் கண்டதுமே, சங்கதி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. தகப்பன் வந்து நின்றான். இங்கே ஆளையாள் இடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். "போறியோ பிள்ளை?" சுளகு நின்றது. இந்தப் பக்கம் முழுவதும், "ஓம்!" என்றது. பிறகுதான் அவள் தன்னுடைய ஓமைச் சொன்னாள். அது சிரிப்பில் அடிபட்டுப்போனது.

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு பெண்ணின் குரல், சாதாரணமாய், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது போல:

"அங்கால என்ன சிரிப்பு? வாப்பா வந்து நிண்டு கேட்டால் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"அவளிட்டையாவது கேட்டாங்கள்" என்றது இன்னொரு குரல்.

நானா செருமினார். சிரிப்பு, தண்ணீர் ஊற்றின நெருப்புப் போல அங்கங்கே சீறி அடங்கியது. அந்தக் கிட்டங்கியில் இருந்த ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் வீட்டில் யாரோ ஒருத்தியிடம் அப்படி ஒரு ஓம் வாங்கியவர்கள். அல்லது வாங்காமலே நடத்தியவர்கள். எங்கள் வீடுகளிலும் அதுதான் வழக்கம். நான் என் தங்கையை நினைத்தேன். அவளிடம் கேட்டது நான்தான், தகப்பன் இல்லாத வீடு. அவளும் ஏதோ வேலையாய் இருந்தாள். என்ன வேலை என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

படம் முடியும்வரை மெசின் சத்தத்தையும் வெளியே எஞ்சின் சத்தத்தையும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது ஆண்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பாராமல் போனார்கள். கொண்டக்டர் மட்டும் என்னிடம் வந்து, "இஞ்சை வேறை படமோ காட்டினது?" என்று கேட்டார்.

படம் எடுத்தவர் என்னிடம் கையை நீட்டினார். அந்தப் பயணத்தில் அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "அண்ணை, அந்தக் கடிதத்தைத் தாங்கோ. கிழிச்சுப்போடுவம்."

"போட்டிட்டன்" என்றேன்.

"கிழிச்சிட்டியளோ?"

"தபாலிலை."

வானை ஓட்டின வேகத்தை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். தபால் கந்தோரில் கட்டு ஏற்கெனவே பஸ்ஸில் போய்விட்டது. பெட்டியில் விழுந்த கடிதம் எழுதினவருடையதும் அல்ல, போட்டவருடையதும் அல்ல என்று அங்கிருந்த தபால்காரப் பெரியவர் எங்களுக்குச் சட்டம் சொன்னார். "தந்தி அடியுங்கோ தம்பி. கடிதத்துக்கு முந்திப் போய்ச் சேரும்" என்று வழியும் சொன்னார்.

தந்தியில் சொற்கள் குறைவாய் இருக்க வேண்டும். அவர் தாளை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் எழுதினார்: 'ஓம்' அப்படியே இருக்கட்டும். ஓமுக்கு இரண்டு பக்கமும் மேற்கோள்குறி, அழகாக.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இதை இங்கிலீசு எழுத்திலைதான் அடிக்கலாம். உந்தக் கொம்மா எல்லாம் தந்தியிலை போகாது." பென்சிலால் இரண்டு குறியையும் வெட்டினார். "மற்றதெல்லாம் விளக்கமாய்த்தான் கிடக்கு."

விளக்கமாய்த்தான் இருந்தது. நான் படித்தேன், அவர் படித்தார், பெரியவர் எழுத்தெழுத்தாகத் தட்டினார். ஓம் அப்படியே இருக்கட்டும். பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தரம் ஓம் சொல்லுகிற மூன்று பேருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவர் மாங்குளத்தில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனார். யன்னலால் தலையை நீட்டி, "அந்த மனிசிக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கோ" என்றார். எந்த மனிசி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குரல் மட்டும்தானே.

ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டாராம். நாள் குறித்துவிட்டாராம். 'எங்கள் ஓம் வென்றது அண்ணை, கட்டாயம் வாருங்கள்' என்று எழுதியிருந்தார். நான் யாழ்ப்பாணம் போனேன். தியேட்டர் வாசலில் பெரிய எழுத்தில் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதன் அடியில் ஒரு வரி: 'முழுவதும் இனிய செந்தமிழ் வசனங்களுடன்.'

அதை நான் இரண்டு தரம் படித்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. கொழும்பிலிருந்து அன்று காலைதான் ரயிலில் வந்து, தகரப் பெட்டிகளை நேரே மெசின் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்.

முதல் காட்சி, மண்டபம் நிரம்பி இருந்தது. தகப்பன் மாட்டுக்குத் தண்ணி வைச்சதோ என்று கேட்டதும் சனம் ஒருமுறை அசைந்தது. ஓம் வந்ததும் பழைய கதைதான். முரசுமோட்டையில் அதிர்ந்தது தகரம், இங்கே கூரை ஓடு. சிரிப்பு அடங்க முன்னம் முதலாளி கந்தோரிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மெசின் அறையிலிருந்து இவர் இறங்கி வர, வாசல் நடையில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"என்ன தம்பி இது? மாத்தித் தாறன் எண்டெல்லோ சொன்னனீர்?"

"மாத்தமாட்டன் எண்டெல்லோ தந்தி அடிச்சனான்?"

முதலாளி சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்து விரித்தார். "இந்தாரும். நீர் அடிச்சதுதானே? ஓம், அப்படியே இருக்கட்டும். அதுக்கு அடுத்த நாள் கடிதம், மாத்தித் தாறன் எண்டு. வாக்கை ரெண்டுதரம் தாற நல்ல பிள்ளை எண்டு வீட்டிலை சொல்லிச் சந்தோசப்பட்டனான்."

"அது ஓம் இல்லை முதலாளி, ஓம்."

"ஓம் இல்லாமல் ஓமோ? அண்ணை, உமக்கு விளங்குதோ?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் தரம் முதலாளிக்குச் சம்மதம் சொன்ன மாதிரியும் வந்தது, இரண்டாம் தரம் அந்த ஓமை மாற்றாதே என்ற மாதிரியும் வந்தது. பெரியவர் வெட்டின அந்த இரண்டு கொம்மாவும் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நின்று பல்லைக் காட்டின. "ரெண்டு பேரும் சரியாய்த்தான் வாசிச்சிருக்கிறியள்" என்றேன். அது ஒருவருக்கும் ஆறுதலாய் இருக்கவில்லை.

படத்தை நிற்பாட்ட வழி இல்லை. உள்ளே சனம் இருக்கிறது, விளம்பரம் ஒட்டியாயிற்று, மாற்றிப் போடப் படமும் இல்லை. "ஓடித் துலையட்டும்" என்றார் முதலாளி. இவர் நடைப் படியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மாற்றச் சொல்லி முதலாளி இனிக் கேட்டால் மறுக்கத் தனக்கு வாயில்லை என்றார். ஒரு நனைந்த துணிக்குப் பின்னால் இரண்டு குரல் கேட்டதை எந்த நீதிமன்றத்தில் போய்ச் சாட்சி வைப்பது?

அன்றும் அடுத்த நாளும் சிரித்தார்கள். நான் ஊருக்குத் திரும்பாமல் நின்றேன். திருவிழாக்காரர் என்னைத் திட்டியிருப்பார்கள். மூன்றாம் நாள், சிரித்துவிட்டுப் போனவர்கள் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவர்களும் சிரிக்கட்டும் என்று. அன்றைக்குச் சிரிப்பு, வண்டில் ஒரு சில்லில் ஓடுவது போல ஒரு பக்கத்தில் மட்டும் கேட்டது. நாலாம் நாள் ஆண்கள் முதலில் பக்கத்துக் கதிரையைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தார்கள். முதலாளி அதைப் பின்கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தார். அவருடைய தொழில் அது.

கிழமை முடிகிற அன்று அவர் எங்களிடம் வந்து, தூணில் சாய்ந்துகொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, அடுத்த கிழமையும் ஓட்டுவமோ? உதிலை ஒண்டும் மாத்த வேண்டாம்."

"ஓம்" என்றார் இவர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இது எந்த ஓம் எண்டு நீர் ஒருக்கா வடிவாய்க் கேட்டுச் சொல்லும், அண்ணை. பிறகு நான்தான் வாசிக்கத் தெரியாதவன் எண்டு வரும்."